ஏ.ஐ பட்டம்: சேரும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமையிலிருந்து எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "பிள்ளையை ஏ.ஐ, அதுதான் செயற்கை நுண்ணறிவு, படிக்க விடலாமோ?" நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இயந்திரக் கற்றல், அதாவது தரவைக் காட்டிக் கணினியைப் பழக்குவது, சார்ந்த வேலை செய்கிறேன். புதிதாக வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரிகளை நேர்முகம் காண்பதும் என் பொறுப்பு. பட்டம் முடித்து வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் கோண்டாவிலில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் கணிதப் பிரிவு. பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) காணாது, ஆனால் கணினி சார்ந்த பாடநெறி ஏதாவது கிடைக்கும் என்ற நிலை. தாயின் கையில் ஒரு தனியார் நிறுவனத்தின் பளபளப்பான கையேடு. "தம்பி, கம்பியூட்டர் சயன்ஸ் எல்லாம் பழசாப் போச்சாம். ஏ.ஐ எண்டு பேர் இருக்கிற பட்டம் எடுத்தாத்தான் இனி வேலையாம். கனடாவில இருக்கிற அண்ணா காசு கட்டுறன் எண்டு சொல்லுறார்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மகளிடம் ஒரு பேனாவையும் தாளையும் கொடுத்து, அந்தப் பட்டத்தின் பாடத்திட்டத்தையும் ஒரு அரச பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானப் பாடத்திட்டத்தையும் என் மடிக்கணினியில் அருகருகே திறந்து வைத்தேன். "கணிதம், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், அல்கொரிதம் என்று வருகிற பாடங்களின் கிரெடிட்டை மட்டும் கூட்டும் பிள்ளை" என்றேன். ஒரு பாடத்துக்கு எவ்வளவு கனம் என்று காட்டும் எண்தான் கிரெடிட். ஏ.ஐ என்று பெயர் போட்ட பட்டத்தில் முதல் வருடத்தில் ஒரேயொரு கணிதப் பாடம், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மிச்சமெல்லாம் ஏதாவது ஒரு மென்கருவியின் பெயரில் இருந்த பாடங்கள். பழசு என்று சொல்லப்பட்ட பட்டத்தில் முதல் இரண்டு வருடமும் கணிதமும் அடிப்படையும். மூன்றாம், நான்காம் வருடங்களில் இயந்திரக் கற்றல், இயற்கை மொழிச் செயலாக்கம் (கணினிக்கு மனித மொழியைப் புரியவைப்பது), கணினிப் பார்வை (படத்தைப் புரியவைப்பது). அதாவது ஏ.ஐ அதற்குள்ளேயும் இருந்தது. பெயரில்தான் இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவும்தான். பெயரைப் பார்த்துச் சேர வேண்டாம், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். ஆனால் ஏன் கணிதத்தை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஒரு இயந்திரம் 'கற்றுக்கொள்கிறது' என்று சொல்கிறோமே, அங்கே நடப்பது என்ன? அது ஒரு விடை சொல்கிறது. அந்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடுகிறோம். அந்தப் பிழையைக் குறைக்க, உள்ளே இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் கூட்டவா குறைக்கவா என்று வகையீடு சொல்லித்தருகிறது. எண்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் அவற்றைத் தாயங்களாக, அதாவது நிரையும் நிரலுமாக, அடுக்கிப் பெருக்குகிறோம். விடை நிச்சயமில்லாதது என்பதால் நிகழ்தகவு தேவைப்படுகிறது. இணைந்த கணிதத்தில் நம் பிள்ளைகள் இரவிரவாகச் செய்கிற வகையீடும் தாயமும் பேயிசின் தேற்றமும்தான் இந்தத் துறையின் அத்திவாரம். இப்படி எண்களை அடுக்கடுக்காக இணைத்த அமைப்புக்கு நரம்பு வலையமைப்பு என்று பெயர். அதற்குள் பிழையைப் பின்னோக்கி அனுப்பித் திருத்தும் முறையைப் பரவலாக அறியச் செய்த ஆய்வுக் கட்டுரை 1986இல் வந்தது. 2022 நவம்பரில் வெளிவந்து உலகத்தைப் புரட்டிப்போட்ட சாட்ஜிபிடியும் அந்த முறையில்தான் பயிற்றப்பட்டது.

கருவிகளின் கதை வேறு. 2014இல் ஆழ்கற்றல் (பல அடுக்கு நரம்பு வலையமைப்பைப் பயிற்றும் முறை) படிக்கப் போன ஒருவருக்குத் தியானோ என்ற மென்பொருள் நூலகத்தைத்தான் பலரும் கைகாட்டியிருப்பார்கள். 2015இல் டென்சர்ஃபுளோ வந்தது, அடுத்த வருடம் பைடோர்ச் வந்தது. 2017இல் தியானோவின் மேம்பாட்டை நிறுத்துவதாக அதை உருவாக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள். நான்கு வருடப் பட்டம் முடிவதற்குள் படித்த கருவி போய்விட்டது. தாயப் பெருக்கம் எங்கேயும் போகவில்லை.

நேர்முகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏ.ஐ பெயரில் பட்டம் முடித்த ஒரு தம்பி வந்திருந்தார். இறுதி வருடப் புரொஜெக்டாக வெங்காய இலையில் நோய் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு மொடல் செய்திருந்தார். நம் ஊருக்கு வேண்டிய வேலை. திறமையாகப் பேசினார். "96 வீதம் துல்லியம் சேர்" என்றார். பரிசோதனைக்கு எத்தனை படம் வைத்தீர்கள் என்று கேட்டேன். 400. அதில் நோய் இலை எத்தனை? கொஞ்சம் தேடிப் பார்த்து, 20 என்றார். அப்படியென்றால் படத்தைப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் 'நல்ல இலை' என்று சொல்கிற ஒரு மொடலுக்கும் 95 வீதம் கிடைக்குமே என்றேன். முகம் மாறியது. அவருடைய மடிக்கணினியிலேயே எண்ணிப் பார்த்தோம். நோய் இருந்த 20 இலையில் அவருடைய மொடல் பிடித்தது 5. தோட்டக்காரர் ஒருவர் இதை நம்பியிருந்தால் நோய் வந்த நாலு இலையில் மூன்றை 'நல்லது' என்று விட்டிருப்பார். இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே செடியை நாலைந்து தடவை படமெடுத்து, சிலதைப் பயிற்சிக்கும் சிலதைப் பரிசோதனைக்கும் போட்டிருந்தார். பரீட்சைக்கு முதலே வினாத்தாளைக் காட்டியது போல.

அவர் கெட்டிக்காரப் பிள்ளை. குறை அவரில் இல்லை. நான்கு வருடம் பணம் வாங்கிப் படிப்பித்து, அந்தப் புரொஜெக்டுக்குப் புள்ளியும் போட்டவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே வந்த இன்னொருவர் புள்ளிவிபரவியல் படித்தவர். ஏ.ஐ பற்றிப் பெரிதாக எதுவும் படித்திருக்கவில்லை. அதே மாதிரி ஒரு தரவைக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இதில் நோய் இலை எத்தனை?"

இதற்காக ஏ.ஐ என்று பெயருள்ள பட்டமெல்லாம் வெறும் வியாபாரம் என்று நான் சொல்ல மாட்டேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப பீடத்தில் ஏ.ஐ பெயரிலேயே ஒரு சிறப்புப் பட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2018இல் இளமாணி மட்டத்திலேயே ஏ.ஐ பட்டத்தைத் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இந்தத் துறை பல தசாப்தங்களாக இருக்கிறது. இவை பழம் தின்று கொட்டை போட்ட இடங்கள். இப்படியான இடத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் போகலாம். அதே நேரம், இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெப்ரி ஹின்டன் இளமாணியில் படித்தது பரிசோதனை உளவியல். அவருக்கு 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பட்டத்தின் பெயர் ஒரு ஆளை உள்ளே விடுவதும் இல்லை, வெளியே நிறுத்துவதும் இல்லை.

அப்புறம், 'நாலு வருடம் கழித்து எந்த வேலை இருக்கும்' என்று உறுதியாகச் சொல்கிறவர்களை நம்பிப் படிப்பைத் தெரிவு செய்யாதீர்கள். அதே ஹின்டன்தான் 2016இல், எக்ஸ்ரே, ஸ்கான் படங்களைப் பார்க்கும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அதை அவர்களைவிட நன்றாகச் செய்யும் என்றார். அந்த ஐந்து வருடமும் போய்விட்டது. அந்த மருத்துவர்களுக்கு இன்றும் தேவை இருக்கிறது. அவருக்கே தவறிய கணிப்பு இது. கனடா மாமா சொல்வதையும் என் போன்றவர்கள் சொல்வதையும் அந்த அளவோடு எடுங்கள். அகலமான அடிப்படை இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் பிள்ளை திரும்பிக்கொள்ளும்.

அதனால், தெரிவு கையில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் பட்டம் கணினி விஞ்ஞானமோ, மென்பொருள் பொறியியலோ, கணினிப் பொறியியலோ, கணிதமும் புள்ளிவிபரவியலும் கலந்ததோ ஆக இருக்கட்டும். ஏ.ஐயில் ஆழமாகப் போக விரும்பினால் முதுமாணியில் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலேயே கணினி விஞ்ஞானம் இருக்கிறது. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. 'ஊர்க் கம்பஸ்தானே' என்று இவற்றைத் தள்ளிவிட்டு இலட்சக்கணக்கில் கட்டப் போகும் வீடுகளைப் பார்க்க எனக்கு மனம் பதறுகிறது.

விண்ணப்பம் நிரப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, 'இது கிடைக்காது' என்று விரும்பிய பாடநெறியைப் பட்டியலில் கீழே போடுகிறார்கள். தெரிவு நடப்பது முக்கியமாக இசட் புள்ளியையும் நீங்கள் எழுதிய விருப்ப ஒழுங்கையும் வைத்துத்தான். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். எட்டாததை முதலில் எழுதியதால் எட்டியது பறிபோகாது. உண்மையில் விரும்புகிற ஒழுங்கில் எழுதுங்கள். எந்தப் பாடநெறிக்கு உயர்தரத்தில் என்ன பாடம் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள், ரியூட்டரி வாசலில் கேட்காதீர்கள்.

தனியார் நிறுவனத்தில்தான் சேரப் போகிறீர்கள் என்றால், அது தவறில்லை. பல பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் கையெழுத்துப் போட முதல், பட்டத்தை வழங்குவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். இலங்கையில் ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் கொடுப்பதென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின்படி அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி. அதே நிறுவனத்தின் வேறு பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்பதால் புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ பட்டமும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேட்கலாம். சிறப்புப் பட்டமா சாதாரண பட்டமா என்பதும் முக்கியம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120 கிரெடிட், நான்கு வருடம். சாதாரண பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட், மூன்று வருடம். பிறகு முதுமாணிக்குப் போகும்போது இந்த வித்தியாசம் வந்து நிற்கும்.

கட்டணம் பிரித்தானியப் பவுணிலா ரூபாவிலா என்று கட்டாயம் கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவுக்கு ஏறியபோது, பவுணில் கட்ட ஒப்புக்கொண்ட குடும்பங்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். என் அயலில் ஒரு பிள்ளை இறுதி வருடத்தில் படிப்பை நிறுத்தியது. தாயின் தாலிக்கொடி வங்கியில் அடகில் இருந்தது.

கலை, வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் கதவு மூடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.ரி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) என்ற வெளிவாரிப் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவரும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்துகொண்டே அதை முடித்த இருவர் என் குழுவில் இருக்கிறார்கள்.

கடைசியாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று. இந்தப் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான் கம்பஸ் போன முதல் மாதம், விரிவுரையாளர் 'மட்ரிக்ஸ்' 'மட்ரிக்ஸ்' என்று சொல்லிக்கொண்டு போனார். ஏதோ புதிய விசயம் என்று இரண்டு கிழமை பயந்துபோய் இருந்தேன். பலகையில் எண்களை அடைப்புக்குள் அடுக்கிப் பெருக்கியபோதுதான், அது ரியூசனில் நான் தண்ணீர்பட்ட பாடாகச் செய்த தாயம் என்று தெரிந்தது. பயத்தில் ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததையே தெரியாது என்று நினைத்துவிடும். உயர்தரம் முடிந்து கம்பஸ் போகும்வரை கிடைக்கிற நீண்ட இடைவெளியில் ஏ.ஐ டிப்ளோமாக்களுக்குக் காசு கட்டாமல், பைதன் என்ற நிரல் மொழியும் ஆங்கிலமும் படித்தால் போதும். அதற்கு மூன்று இலட்சம் ரூபா கேமிங் மடிக்கணினியும் தேவையில்லை. கூகுள் கோலாப்பில் உலாவி வழியாக இலவசமாகவே பயிற்சி செய்யலாம், வீட்டில் இருக்கிற சாதாரண கணினி காணும்.

கோண்டாவில் பிள்ளை இப்போது ஒரு அப்பியாசக் கொப்பியில் இரண்டு நிரலாகச் சொற்கள் எழுதி வருகிறாள். தாயம், மட்ரிக்ஸ். காவி, வெக்டர். வகையீடு, டிஃபரென்சியேசன். போன சனிக்கிழமை கொண்டுவந்து காட்டியபோது 140 சொல் சேர்ந்திருந்தது. விண்ணப்பத்தில் அவள் முதலாவதாக எழுதியது மொறட்டுவையின் ஏ.ஐ பட்டம், இரண்டாவது கொழும்பில் கணினி விஞ்ஞானம், மூன்றாவது யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம். மூன்றின் பாடத்திட்டத்தையும் வாசித்துவிட்டுத்தான் எழுதினாள்.