எண்ணெய் பூசிய குழலும் வழிதவறும் முதல் குண்டும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாதம் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை விடியும்போது மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. மொத்தம் ஒன்பது நாள். அதற்குச் சில வாரம் முன்பே வேட்டைக்காரர்கள் சுடுதளத்துக்குப் போய், துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, குண்டு குறியில் போய் விழும்படி சரிசெய்துகொள்வார்கள். மூன்று குண்டுகள் ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலத்துக்குள் விழுந்துவிட்டால் மனநிறைவோடு வீடு திரும்புவார்கள். பலர் தவறு செய்வது அதன் பிறகுதான். துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து, குழலுக்குள் எண்ணெய் பூசி, அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். வேட்டை நாளன்று அந்த எண்ணெய்க் குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு, சுடுதளத்தில் விழுந்த அதே இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது.

காட்டில் இரண்டாவது குண்டுக்கு வாய்ப்பு கிடைப்பது அரிது. குறி பிசகினால் அடிபட்ட மான் ஓடி ஒளிந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். துப்பாக்கிக் குழலைத் துடைப்பதை ஒரு சின்ன வேலையாக நான் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டிருந்தால் அது என்.சி.சி.யில்தான். நானும் அப்படித்தான். குழலைத் துடைக்க ஒரு கயிறு தருவார்கள். அதன் ஒரு முனையில் எடை, மறுமுனையில் நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலத் துணி. கயிற்றுக்குப் புல்-த்ரூ என்று பெயர், துணிக்குச் சிந்தி. இழுத்து முடித்ததும் ஹவில்தார் குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். கண்ணாடிபோல மின்ன வேண்டும். மின்னினால் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்றே அன்று நம்பினேன். குழலுக்குள் நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று புரிந்தது.

அமெரிக்காவில் 1906இல் பிறந்து இன்றும் மான் வேட்டையில் புழங்கும் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். குழலின் உள்விட்டம் 7.62 மில்லிமீட்டர். உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களின் ஆழம் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். குண்டின் விட்டம் உள்விட்டத்தைவிடச் சற்று அதிகம். அதனால் அது குழலுக்குள் நுழையும்போதே பிதுங்கி, அந்தப் பள்ளங்களில் அழுந்தி, சுழன்றுகொண்டே முன்னேறுகிறது. பின்னாலிருந்து தள்ளும் வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல 4,000 மடங்கு வரை போகும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்து, குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகத்தில், வினாடிக்கு 3,300 முறைக்கு மேல் சுழன்றபடி வெளியேறுகிறது.

இத்தனை அமளிக்குப் பிறகு குழலில் இரண்டு வகைப் படிவுகள் தங்குகின்றன. ஒன்று வெடிமருந்து எரிந்த கரி. இது முதலில் மெல்லிய மசியாக இருக்கும். ஒவ்வொரு சூட்டின் வெப்பமும் அதை இறுக்க, தோட்டா அறைக்குச் சற்று முன்னே சட்டியின் அடியில் ஏறிய கரியைப்போலக் கெட்டியாகிவிடும். இன்னொன்று செம்பு. குண்டின் வெளி உறை 95 விழுக்காடு செம்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் கலந்த உலோகம். அது உரசிப் போகும்போது எஃகின் நுண்ணிய கீறல்களில் செம்பு ஒட்டிக்கொள்கிறது. கையால் மெருகேற்றிய விலையுயர்ந்த குழல்களில் குறைவாகவும், கடைசல் தடம் மாறாத மலிவான குழல்களில் கூடுதலாகவும் படியும்.

செம்பை நீக்க அம்மோனியா கலந்த கரைப்பான் போடுகிறார்கள். நனைத்த துணியைக் குழலுக்குள் ஓட்டி, சில நிமிடம் ஊறவிட்டு, உலர்ந்த துணியை ஓட்டினால் அது அடர்நீலமாக வெளியே வரும். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டவர்கள் அந்த நீலத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதே செம்பு, அதே அம்மோனியா, அதே நிறம். துணி நீலமாக வரும்வரை உள்ளே செம்பு இருக்கிறது என்று கணக்கு. ஆனால் துணியைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால் அதிலுள்ள செம்பும் கரைந்து நீலம் காட்டும். இது தெரியாமல் இல்லாத செம்பைத் தேடி நாள் முழுதும் தேய்த்தவர்கள் உண்டு.

சரி, படிவு முழுதும் போய்விட்டது. குழல் மின்னுகிறது. அப்படியானால் முதல் குண்டு ஏன் விலக வேண்டும்?

உராய்வு மாறிவிட்டதே காரணம். வெறும் எஃகில் உரசும் குண்டும், மெல்லிய செம்பும் கரியும் படிந்த சுவரில் உரசும் குண்டும், எண்ணெயில் வழுக்கும் குண்டும் ஒரே அழுத்தத்தைச் சந்திப்பதில்லை. ஒரே வேகத்தில் வெளியேறுவதும் இல்லை. வினாடிக்கு 15 மீட்டர் வேகம் குறைந்தாலே, 300 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ மூன்று செ.மீ. கீழே இறங்கிவிடும். அதோடு, சுடும்போது குழல் தட்டிய கம்பிபோல அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணம் மாறினால், அந்தக் கணத்தில் குழல் வாய் நோக்கும் திசையும் மாறும். இரண்டு மூன்று குண்டுகள் போனபின் சுவரில் படிவு ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் குண்டுகள் எல்லாமே ஒரே மாதிரியான பாதையைச் சந்திக்கின்றன. குறி தவறாமைக்கு அடிப்படை இந்த ஒரே மாதிரித்தன்மைதான். படிவு அளவுக்கு மீறி ஏறும்போது இந்தச் சீர் குலைந்து குண்டுகள் சிதறத் தொடங்கும். அப்போதுதான் சுத்தம் செய்ய வேண்டும். அது எத்தனை குண்டுக்கு ஒருமுறை என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மில்லிமீட்டரை எண்ணும் போட்டியாளர்கள் இருபது குண்டுக்குள் துடைத்துவிடுகிறார்கள். ஆனால் .22 என்ற, 0.22 அங்குலக் குழல் கொண்ட சிறு துப்பாக்கியில் மெழுகு பூசிய ஈயக் குண்டு ஓடுவதால், அந்த மெழுகு குழலில் சீராகப் படிந்திருப்பதே நல்லது என்று அதிகம் துடைக்காமல் விடுபவர்கள் பலர்.

துடைப்பதே துப்பாக்கியைக் கெடுப்பதும் நடக்கிறது. குழல் வாயின் விளிம்புதான் குண்டைக் கடைசியாகத் தொடும் இடம். அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பின்னால் பீறிடும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு குண்டின் அடியைச் சாய்த்துவிடும். எங்கள் புல்-த்ரூ கயிறு இதில் பெரிய குற்றவாளி. அழுக்கும் மணலும் ஒட்டிய கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்து, பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் .303 துப்பாக்கிகளில் குழல் வாய் ஒரு பக்கம் அறுபட்டுப்போகும். கிணற்றடிக் கல்லில் கயிறு தடம் பதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அதனால்தான் இன்று கம்பியைப் பின்புறமிருந்து, வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, ஒரே திசையில் தள்ளச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு முறை சுட்டதும் துடைத்தே தீர வேண்டும் என்ற பழக்கம் வேறொரு காலத்தில் நியாயமாகவே பிறந்தது. கரும்வெடிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே எஞ்சும். 1857 கிளர்ச்சிக்குப் பொறியான தோட்டாவில் கொழுப்பைத் தடவியதே, கரி படிந்த குழலுக்குள் குண்டு எளிதாக இறங்கத்தான். 1884இல் பிரான்சின் பால் வியே புகையில்லா வெடிமருந்தைச் செய்த பிறகும் துரு விடவில்லை. சிப்பாய்கள் எண்ணெய் போட்டுத் துடைத்தும் குழல் துருப்பிடித்தது. தோட்டாவின் தீமூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்ததும் சமையல் உப்பையொத்த பொட்டாசியம் குளோரைடாகி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வு 1922இல் விளக்கியது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். கொதிக்கும் வெந்நீரைக் குழலில் ஊற்றிய பழைய சிப்பாய்கள் காரணம் அறியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள். இன்றைய வேட்டைத் தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

விவரம் அறிந்த வேட்டைக்காரர் இப்போது செய்வது இதுதான். மழையிலோ பனியிலோ நனைந்தால் அன்றே, தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, துடைத்து எண்ணெய் இடுகிறார். துரு குழலைத் தின்றால் மீட்க வழியில்லை. வேட்டைக் காலத்துக்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று குண்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்குகிறார். அது ஆறிய பின் ஒரே ஒரு குண்டு. அது விழும் இடமே காட்டில் முதல் குண்டு விழப்போகும் இடம். அதைப் பார்த்தே தொலைநோக்கியைத் திருத்துகிறார். பிறகு குழலுக்குள் எதையும் விடுவதில்லை. பனி புகாமல் வாயில் ஒட்டுநாடாவை மட்டும் ஒட்டிக்கொள்கிறார். சுடும்போது அதை எடுக்கவும் தேவையில்லை. குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே, குண்டு வந்து சேருமுன் அந்த நாடாவைக் கிழித்துவிடும்.