கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால் முதலில் தைலப் புட்டிதான் வெளியே வரும். உருவிவிடுவார்கள், சுடுதண்ணீர் கொடுப்பார்கள், கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் இது பக்கவாதம், கோளாறு மூளையில் இருக்கிறது. தைலம் அங்கே போய்ச் சேராது.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை ரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போகும் குழாயை அடைப்பதால் வருகின்றன. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால். அடைப்பு விழுந்ததும் அந்தப் பகுதி முழுவதும் உடனே செத்துவிடுவதில்லை. சிகிச்சைக்கே இதுதான் ஆதாரம். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் ஓடும். அது 10க்குக் கீழே போன மையப்பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடும். அதைச் சுற்றியுள்ள வட்டத்துக்குப் பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் பெரிய தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாக வருமே, அப்படி. அங்குள்ள நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும், உயிரை விடாது. உங்கள் அப்பாவால் கையைத் தூக்க முடியவில்லை என்றாலும், அந்தக் கையை ஆட்டுவிக்கும் அணுக்களில் பல இன்னும் பிழைத்திருக்கலாம். எனக்கு இது எப்போதும் பெரிய ஆறுதல். ஆனால் நேரம் போகப் போக மையம் விரிந்து வட்டத்தை விழுங்கும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? திடீர்த் தள்ளாட்டமும் பார்வை மங்குவதும்கூட அறிகுறிதான். ஒன்று இருந்தாலும் அவசர எண் 999ஐ அழைத்து, பக்கவாதம் போலிருக்கிறது என்று சொல்லுங்கள். சிறு ஊர் ஆஸ்பத்திரிகளில் பலவற்றில் மூளையைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன் கருவி இருக்காது. எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்க அந்த ஒரு வார்த்தை உதவும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

அங்கே உங்களைக் கேட்பார்கள்: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர் விடியற்காலை 5 மணிக்குக் கை விழுந்த நிலையில் எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்துதான். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைப்பு என்றால், தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை மெல்லிய குழாய் விட்டு இழுத்து எடுக்கலாம் என்று 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின. மலேசியாவில் சில பெரிய மருத்துவமனைகளில்தான் அந்த வசதி இருக்கிறது. இருந்தாலும் நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், ஏனென்றால் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும். அப்புறம் சிடி. அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்புக்குக் கொடுக்கும் மருந்து கசிவில் உயிரையே வாங்கும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கூடுதல் மாத்திரையும் வேண்டாம். அந்த வட்டத்துக்குச் சொட்டுகிற ரத்தம் பிரஷரை நம்பித்தான் போகிறது, சட்டென்று இறக்கினால் அதுவும் நின்றுவிடும். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் சுடுதண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றுகிறது. அது நேரத்தைத்தான் தின்னும்.

சில சமயம் கால் மணி நேரத்தில் கை தானாகவே எழுந்துவிடும், பேச்சும் திரும்பும். கட்டி தற்காலிகமாக விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். அடுத்த வாரம் கிளினிக்கில் அப்பாயின்மெண்ட் இருக்கிறதே என்று காத்திருக்காமல் அன்றைக்கே போய்விட வேண்டும்.