ஸ்பீடு கூட்டினால் பசை ஏன் தள்ளி விழுகிறது?

அட்டைப்பெட்டி ஒட்டும் மெஷின்களைப் பார்க்கப் போகும்போது, பசை பீச்சும் க்ளூ கன்னுக்கு முன்னால், அட்டை வருவதைக் கண்டு சொல்லும் சென்சாரின் பிராக்கெட்டில்தான் என் கண் முதலில் போகும். பல யூனிட்களில் அங்கே மார்க்கரால் போட்ட இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று மெதுவாக ஓட்ட, மற்றொன்று வேகமாக ஓட்ட. ஸ்பீடு மாற்றும்போதெல்லாம் ஆபரேட்டர் போல்ட்டைத் தளர்த்தி சென்சாரை நகர்த்துவார். கேட்டால், "இந்த மெஷினே அப்படித்தான் சார்" என்பார்.

எந்த மெஷினும் அப்படித்தான். கன்னைத் திறக்கச் சொல்லும் சிக்னல், அதாவது அவுட்புட், ஆன் ஆனதுமே பசை அட்டையில் விழுந்துவிடாது. காயிலில் கரன்ட் ஏறி, வால்வு திறந்து, பசை நாசிலை விட்டு வெளியே வந்து சேர வேண்டும். எல்லாம் சேர்ந்து 18 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் எந்த வேகத்தில் ஓடினாலும் அந்த 18 அப்படியேதான் இருக்கும். ஆனால் அதற்குள் அட்டை ஓடிவிடும் தூரம் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் 9 மி.மீ., 90 மீட்டர் வேகத்தில் 27 மி.மீ. மெதுவாக ஓட்டி செட் செய்துவிட்டு வேகத்தைக் கூட்டினால், மடிப்பின் முன்முனையில் 18 மி.மீ. பசை இல்லாமல் வாய் பிளந்து நிற்கும்.

சென்சாரைத் தொடவே வேண்டாம். வேகத்தைத் தாமதத்தால் பெருக்கி, அந்தத் தூரத்துக்கு முன்பே அவுட்புட்டைக் கொடுத்தால் போதும். வேகத்தை, மெஷினின் ஓட்டத்தை அளக்கும் என்கோடர் சொல்லிவிடும். நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் ஒரு மில்லி செகண்டுக்குச் சரியாக 1 மி.மீ.; இதை மட்டும் மனதில் வைத்தால் மற்றது வாய்க்கணக்கு. சுழலும் மெஷினில் ஆர்.பி.எம்.மையும் மில்லி செகண்டையும் பெருக்கி 0.006-ஆல் பெருக்கினால் டிகிரி வரும். 100 ஆர்.பி.எம்., 20 மில்லி செகண்ட் என்றால் 12 டிகிரி. பல க்ளூ கன்ட்ரோலர்களில் இதற்கான செட்டிங் ஏற்கெனவே உண்டு, யாரும் தொடாமல் பூஜ்ஜியத்தில் கிடக்கும்.

தாமதத்தை கேட்லாக்கில் தேடாதீர்கள், மெஷினிலேயே அளந்துவிடலாம். அந்த செட்டிங்கைப் பூஜ்ஜியத்தில் வைத்து, 30-லும் 90-லும் சில அட்டைகள் ஓட்டி, அட்டையின் முன்முனையிலிருந்து பசை ஆரம்பிக்கும் இடத்தை ஸ்கேலால் அளங்கள். முதலாவதில் 22 மி.மீ., இரண்டாவதில் 40 மி.மீ. என்றால் வித்தியாசம் 18. வேக வித்தியாசம் 60 மீட்டர், அதாவது மில்லி செகண்டுக்கு 1 மி.மீ. ஆக, தாமதம் 18 மில்லி செகண்ட்.

அதேபோல பசை முடியும் இடத்தையும் அளக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திறக்கும் தாமதமும் மூடும் தாமதமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். டி.சி. காயிலின் குறுக்கே, அவுட்புட்டைக் காப்பாற்ற எலக்ட்ரீஷியன் ஒரு டயோடு போட்டிருப்பார். நல்ல காரியம்தான். ஆனால் காயிலில் இருக்கும் கரன்ட் அந்த டயோடு வழியே சுற்றிச் சுற்றி மெல்லத்தான் அடங்கும். வால்வு தாமதமாக மூடும், பசை வால் விடும். அதனால் ஆன், ஆஃப் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுங்கள்.

எந்த எண் கொடுத்தாலும் தீராத ஒன்று, மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யின் ஸ்கேன் நேரம், அதாவது அது தன் புரோகிராமை ஒரு சுற்று ஓட்டி முடிக்கும் நேரம். ஸ்கேன் 10 மில்லி செகண்ட் என்றால், நிமிடத்துக்கு 60 மீட்டரில் பசை அட்டைக்கு அட்டை 10 மி.மீ. வரை அங்குமிங்கும் ஆடும். அதற்கு ஸ்கேனுக்குக் காத்திராமல் வேலை செய்யும் ஹை ஸ்பீடு கவுண்டர், இன்டரப்ட் பக்கம்தான் போக வேண்டும்.

அப்புறம், ராம் என்ற பாகம் மேலும் கீழும் போய்த் தகட்டை அடிக்கும் பவர் பிரஸ். ஸ்பீடு கூடினாலும் ராம் சரியாக மேலேயே நிற்க, அங்கேயும் இதே செட்டிங் இருக்கும். பிரேக் தேய்ந்து ராம் தாண்டிப் போக ஆரம்பித்ததும், சிலர் அந்த எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். ராம் பழையபடி மேலே நிற்கும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் நடுவழியில் யாராவது கையை நீட்டினால், ராம் நிற்க எடுக்கும் நேரம் கூடியது கூடியதுதான். கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரைதான் லைட் கர்ட்டன்; அதைப் பிரஸ்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று கணக்கிட ஐ.எஸ்.ஓ. 13855 ஸ்டாண்டர்டு எடுத்துக்கொள்ளும் கை வேகம், கிட்டத்தில் வைக்கும்போது செகண்டுக்கு 2000 மி.மீ. பிரேக் 50 மில்லி செகண்ட் கூடுதலாக எடுத்தால் கர்ட்டனை 100 மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். நான் அதற்குப் போகாமல் தேய்ந்த பிரேக் லைனிங்கை மாற்றச் சொல்வேன், அதுவரை பிரஸ்ஸை ஓட்டவும் விடமாட்டேன்.