நகல் தடுப்பு: சொல் விளக்கம்

பழைய கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்றக் கொடுத்தால், சில சமயம் ஸ்டுடியோவிலிருந்து "இதுல காப்பி ப்ரொடக்‌ஷன் இருக்கு சார், ஏறாது" என்று பதில் வரும். கல்யாண வீடியோவுக்கு யார் பூட்டுப் போட்டிருக்கப் போகிறார்கள்? அந்தக் கேள்விக்கு அப்புறம் வருவோம். முதலில் சொல்.

இதைத் தமிழில் பலர் 'நகல் பாதுகாப்பு' என்று எழுதுகிறார்கள். நகலை யாரோ பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பது போல் படுகிறது, பொருளோ நேர்மாறு. பயிர்ப் பாதுகாப்பு என்றால் காக்கப்படுவது பயிர். தீயை யாரும் பாதுகாப்பதில்லை என்பதால்தான் 'தீத்தடுப்பு' என்கிறோம். நகல் எடுக்கவிடாமல் செய்யும் ஏற்பாட்டுக்கு அதே வழியில் 'நகல் தடுப்பு' என்பதே சரி.

'காப்பி'க்கு வேர் 'கோப்பியா' என்ற லத்தீன் சொல். மிகுதி, வளம் என்று பொருள்; பிறகுதான் எழுதிப் பெருக்கிய பிரதியைக் குறித்தது. நம் 'நகல்' அரபியின் 'நக்ல்'. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது என்பது அதன் பொருள். கூடவே ஒட்டி நிற்கும் 'அசல்' என்ற சொல்லும் அரபிதான். கேசட்டில் இருப்பதை டிஸ்க்குக்குக் கொண்டுபோகும் வேலைக்கு 'நக்ல்' என்பதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

தமிழுக்கே உரிய சொல் 'படி'. செல்லரிக்கும் முன் ஓலைச் சுவடியைப் புது ஓலையில் படியெடுத்தார்கள். பெயர்த்தெழுதுவது என்றும் சொல்வார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டுக்கும் அதே அவசரம்தான். ஆனால் 'படித் தடுப்பு' என்றால் மாடிப்படியை மறித்தது போலவோ, பிள்ளையின் படிப்பை நிறுத்தியது போலவோ ஒலிக்கும். வினைக்குப் படியெடுத்தல், தடைக்கு நகல் தடுப்பு என்று வைத்துக்கொள்வது என் கட்சி.

சரி, நாடாவில் இந்தத் தடுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? வீடியோ கேசட் காலத்தில் இதற்குப் பெயர்போனது அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய மேக்ரோவிஷன் நிறுவனத்தின் முறை. 1985இல் 'தி காட்டன் கிளப்' படத்தின் கேசட்டில் முதலில் வந்தது. நம் ஊர்ப் பழைய டிவி முறையில் ஒரு படச்சட்டத்துக்கு 625 வரிகள். படமாகத் தெரிவது 576. மிச்சம் இருக்கும் இருட்டு வரிகளில் சிலவற்றில் பொய்யான மின்துடிப்புகளைச் செருகிவிடுவார்கள். கேசட்டில் பதிவு செய்யும் கருவியான டெக்கில், வரும் சிக்னல் பலமாக இருந்தால் குறைத்து, பலவீனமாக இருந்தால் கூட்டும் சுற்று ஒன்று உண்டு. அது இந்தத் துடிப்பைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று ஏமாந்து படத்தையே இருட்டாக்கிவிடும். துடிப்பின் பலம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நகலில் முகங்கள், வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டுக் குண்டு பல்பு மாதிரி, மங்கும், பளிச்சிடும். சில நேரம் படத்தின் மேல் விளிம்பு கோணிக்கொள்ளும். டிவி அப்படி ஏமாறாததால், அசல் கேசட்டைப் போட்டுப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

பின்னால் வந்த டிவிடி ரெக்கார்டர்களும் வீடியோவைக் கணினியில் ஏற்றச் செருகும் கேப்சர் கருவிகளும் ஏமாறுவதில்லை. துடிப்பைக் கண்டுபிடித்துப் பதிவையே நிறுத்திவிடும். கல்யாண கேசட் மாட்டிக்கொள்வது இங்கேதான். தேய்ந்து நைந்த நாடாவில் சிக்னல் தள்ளாடும். இருட்டு வரிகளில் கசடு சேரும். கருவி அதைத் தடுப்புத் துடிப்பு என்று எண்ணிக் கதவைச் சாத்துகிறது. ஸ்டுடியோக்காரர் பொய் சொல்லவில்லை, கருவி சொன்னதைத்தான் சொல்கிறார்.

இதற்கு மருந்து 'டைம் பேஸ் கரெக்டர்'. 'காலச் சீராக்கி' எனலாம். ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குக் காட்டும் ஒத்திசைவுத் துடிப்புகள் தள்ளாடினால், அவற்றைத் தூக்கியெறிந்து புதிதாக உண்டாக்கித் தரும் பெட்டி இது. நல்ல சீராக்கி கசடோடு சேர்த்து மேக்ரோவிஷன் துடிப்பையும் அழித்துவிடுவதால்தான் வம்பு. அமெரிக்காவின் 1998 சட்டம் இப்படிப்பட்ட தடுப்பை உடைப்பதற்கென்றே கருவி செய்து விற்பதைத் தடை செய்தது. டெக்குகள் இந்தத் துடிப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் விதித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு அவ்வளவு முறைப்பாக இல்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் தடை செய்யாத காரியத்துக்கு என்றால் வழி விட்டிருக்கிறது.

ஆகவே ஸ்டுடியோவில் "ஏறாது" என்று சொன்னால், "காலச் சீராக்கி வழியாக ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். புரியாமல் விழித்தால், டைம் பேஸ் கரெக்டரைச் சுருக்கி "டிபிசி" என்றால் போதும். அதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியாக ஒருமுறை பாருங்கள். கறுப்புச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. துடைக்காமல் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.