கேலிபரேஷன் என்றால் திருத்தம் இல்லை

"அளவுத்திருத்தம் செய்தபின் பிழை இருந்தால் திருத்தம் செய்து, மீண்டும் அளவுத்திருத்தம் செய்யவும்." பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றின், அதாவது அழுத்தத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் கருவியின், தமிழ்க் கையேட்டில் உள்ள வரி இது. திருத்திய பிறகும் பிழை எப்படி இருக்கும்? இருந்தால் முதலில் எதைத்தான் திருத்தினார்கள்? மூல மொழியில் இந்த வரியில் ஒரு சிக்கலும் இருந்திருக்காது. அங்கே இரண்டு வேலைக்கு இரண்டு சொல் உண்டு: கருவி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது கேலிபரேஷன், அதைச் சரிசெய்வது அட்ஜஸ்ட்மென்ட். தமிழில் இரண்டுக்கும் 'திருத்தம்' என்றே போட்டுவிட்டார்கள். இந்த ஒரு கையேடு மட்டும் என்றால் விட்டுவிடலாம். இப்போதெல்லாம் கேலிபரேஷன் வருகிற இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'அளவுத்திருத்தம்' என்று அடிக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்கு 'காலிபர்' என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் அச்சு என்று பொருள்படும் 'காலிப்' என்ற அரபுச் சொல் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். குழலின் விட்டத்தை அளப்பதிலிருந்து வினைச்சொல் பிறந்து, வெப்பமானிக் குழாய்க்கும் வந்தது. அந்தக் கண்ணாடிக் குழாயின் துளை எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்காது. கொஞ்சம் பாதரசத்தைத் துண்டாகப் பிரித்து, குழாய் நெடுக நகர்த்தி, எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கண்ணாடித் துளையை யாராலும் திருத்த முடியாது, கவனியுங்கள். எவ்வளவு தப்பாகக் காட்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் முடியும். அதைத்தான் கேலிபரேஷன் என்றார்கள்.

இன்றைக்கும் பொருள் அதுவே. அளவியலுக்கான பன்னாட்டுச் சொற்கோவையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, கேலிபரேஷனை அளவைத் தரத்துக்கும் (ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் நம்பகமான அளவு) கருவி காட்டும் அளவுக்கும் உள்ள உறவை, ஐயப்பாட்டு அளவோடு (எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற கணக்கு) சேர்த்து நிறுவும் செயல் என்கிறது. கூடவே ஒரு குறிப்பும் உண்டு: இதைக் கருவியைச் சரிசெய்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தனியாகக் குறிப்பு போட்டுச் சொல்கிறார்கள் என்றால் அங்கேயும் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் புதிதாகச் சொல் ஆக்கும் நாம் அந்தக் குழப்பத்தையே தேடிப்பிடித்துச் சொல்லுக்குள் வைத்துத் தைக்க வேண்டுமா?

சொல் தப்பானால் வேலை எப்படித் தப்பாகிறது என்று பார்க்கலாம். 0 முதல் 10 பார் வரை அளக்கும் இரட்டைக் கம்பி டிரான்ஸ்மிட்டர். மின்சாரமும் சிக்னலும் அதே இரண்டு கம்பியில்தான் போகின்றன. 24 வோல்ட் டிசி சப்ளை, 0 பாருக்கு 4 மில்லி ஆம்பியர், 10 பாருக்கு 20. கம்பி அறுந்தால் கரண்ட் 0 ஆகிவிடும் என்பதால், அழுத்தம் இல்லாத நிலையும் கம்பி அறுந்த நிலையும் ஒன்றாகத் தெரியாது. கன்ட்ரோல் ரூமில் சொல்லி அந்த லூப்பை, அதாவது இந்தக் கருவி காட்டும் அளவை வைத்துத் தானாக இயங்கும் கட்டுப்பாட்டை, மேனுவலில் போட்டுவிட்டு, ஐசொலேஷன் வால்வை மூடி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றி, கைப்பம்பையும் டிரான்ஸ்மிட்டரைவிடத் துல்லியமான ஒரு கேஜையும் இணைக்கிறோம். மில்லி ஆம்பியர் மீட்டரைத் தொடரில் மாட்டுகிறோம். அப்புறம் 0, 2.5, 5, 7.5, 10 பார் என்று ஏற்றுகிறோம். வர வேண்டியது 4, 8, 12, 16, 20. வந்ததோ 4.06, 8.06, 12.07, 16.07, 20.07.

இந்த ஐந்து எண்ணை எழுதிவைப்பதுதான் கேலிபரேஷனின் உயிர். எல்லாப் புள்ளியிலும் ஏறக்குறைய ஒரே அளவு தூக்கிக் காட்டுவதால் நகர்ந்திருப்பது ஜீரோ (தொடக்கப் புள்ளி), ஸ்பான் (தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வீச்சு) இல்லை என்று அந்த எண்களே சொல்கின்றன. ஸ்பான் கெட்டிருந்தால் மேலே போகப் போகப் பிழை விரிந்திருக்கும். 16 மில்லி ஆம்பியர் ஸ்பானில் 0.06 என்பது ஏறக்குறைய 0.4 சதவீதம், அதாவது கருவி 0.04 பார் கூட்டிக் காட்டியிருக்கிறது. அந்த அழுத்தத்தை நம்பி இதுவரை எடுத்த முடிவுகள் சரியா என்று பின்னால் போய்ப் பார்க்க இந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

'அளவுத்திருத்தம்' என்று படித்துவிட்டுப் போகிறவர் என்ன செய்வார்? ஜீரோவைத் திருகி 4.00 ஆக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகத் தாளில் 4.00 என்று எழுதுவார். சொன்னதைத்தானே செய்தார்! பழைய பிழை அதோடு போயிற்று. இதைவிட மோசம், பிழை ஏற்பு எல்லைக்குள் இருக்கும்போது நடப்பது. அங்கே எதையும் தொடாமல் எண்களை எழுதிவிட்டு வந்தாலே கேலிபரேஷன் முடிந்தது. திருத்தம் என்று பெயர் வைத்தால், ஒன்றுமே திருகாமல் வருவது வேலை செய்யாமல் வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. நன்றாக ஓடும் கருவியைச் சுரண்டிக் கெடுப்பது இப்படித்தான். ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரநிலையும், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இருந்தால் இரண்டையும் சான்றிதழில் காட்டச் சொல்கிறது.

'கைபேசித் திசைகாட்டியைக் கேலிபரேட் செய் என்றால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளத்தானே செய்கிறது?' என்று கேட்பார்கள். உண்மைதான், அங்கே இரண்டு வேலையும் ஒரே அசைவில் நடந்துவிடுகிறது. அதற்காகப் பட்டறைக்கும் அதே சொல்லைக் கொண்டுவர முடியாது. 'தூய தமிழ்ச் சொல், இதில் என்ன குறை?' என்பவர்களும் உண்டு. தூய்மையை மறுக்கவில்லை. தூய தமிழில் தப்பாகச் சொல்வதைவிடக் 'கேலிபரேஷன்' என்று சொல்லிவிட்டுப் போவது மேல், ஆளுக்காவது புரியும்.

வேறு சில ஆக்கங்களும் உலவுகின்றன. 'அளவீடு செய்தல்' வெறும் அளப்பது. 'தரப்படுத்தல்' வரிசைப்படுத்துவதற்கும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதற்கும் போய்விட்டது. 'அளவுக்குறியிடல்' கண்ணாடிக் குடுவையில் கோடு போடுவதற்குப் பொருந்தும், டிரான்ஸ்மிட்டருக்கு இல்லை.

எனக்குச் சரியாகப் படுவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் 'ஒப்பு நோக்கல்'. பத்திரத்தின் சான்றிட்ட நகலில் 'ஒப்பு நோக்கியவர்' என்று ஒரு கையெழுத்து இருக்கும். அவர் வேலை நகலை மூலத்தோடு வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். அதே சொல்லை எடுத்து 'அளவொப்பு' என்று வைக்கலாம். மெய்ப்பு பார்ப்பது போல அளவொப்பு பார்ப்பது. அளவொப்புச் சான்றிதழ், அளவொப்புத் தேதி என்று எல்லா வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கிறது. திருகுவதற்குத் 'திருத்தம்' இருக்கவே இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் வெர்னியர் அளவிக்குச் 'சுழிப்பிழை', 'சுழித்திருத்தம்' என்று இரண்டையும் அழகாகப் பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்! அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான் மொழிபெயர்க்க வரும்போது மறந்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்லியும் முழுப் பயனில்லை. மெனுவில் உள்ள சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக அனுப்பினால், கருவியைக் கண்ணால் பார்க்காதவர் என்ன செய்வார்? டிரான்ஸ்மிட்டரோடு பேசி அமைப்புகளை மாற்றும் கைக்கருவியான ஹார்ட் (HART) கம்யூனிகேட்டரில் ரேஞ்ச் மாற்றுவது ஒன்று, அழுத்தத்தை உணரும் பக்கத்தைச் சரிசெய்யும் சென்சார் டிரிம் ஒன்று, வெளியே போகும் மில்லி ஆம்பியரைச் சரிசெய்யும் அவுட்புட் டிரிம் ஒன்று. மூன்றுமே 'அளவுத்திருத்தம்' என்று வந்து நிற்கின்றன. 0–10 பாரை 0–6 ஆக மாற்றுவது எல்லை மாற்றம். அதில் ஒப்பிடவும் இல்லை, பிழையைத் திருத்தவும் இல்லை. டிரான்ஸ்மிட்டரையே 'அழுத்தக் கடத்தி' என்று எழுதுகிறவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். கடத்தி என்றால் செப்புக் கம்பி.