மீன் ஏணியா, மீன்வழியா? ஒரு சொல் விளக்கம்

ஃபிஷ் லேடர். அணையின் ஓரமாகவோ தடுப்பணையின் ஓரமாகவோ, கீழ்ப்புறத்து மீன்கள் மேல்புறத்துக்குப் போகக் கட்டித் தரும் நீர்ப்பாதைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மீன் ஏணி' என்று எழுதிவிடுகிறார்கள். மேட்டூர் இருக்கும் மாவட்டத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படித்தால், 214 அடி உயர அணைச் சுவரில் யாரோ ஏணியைச் சாய்த்து வைத்திருப்பது போலத்தான் மனசில் படம் வருகிறது. தப்பான சொல் என்று சொல்ல மாட்டேன். குறையுள்ள சொல். அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க, முதலில் எந்த மீனுக்காக இந்த ஏற்பாடு பிறந்தது என்று தெரிய வேண்டும்.

சால்மன் மீனுக்காக. இங்கே ஓர் எச்சரிக்கை: நம் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீனுக்கும் இந்தச் சால்மனுக்கும் உறவு கிடையாது. காலா கடலோர மீன். அட்லாண்டிக் சால்மனோ வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கீழைக்கரையிலும் உள்ள குளிர்ந்த ஆறுகளில், கூழாங்கல் படுகைக்குள் புதைத்த முட்டையிலிருந்து பொரிக்கிறது. ஓரிரு ஆண்டு, சில ஆறுகளில் அதற்கும் மேலே, நன்னீரிலேயே வளர்கிறது. பிறகு உடம்பு வெள்ளி நிறமாகி, உப்புநீரைத் தாங்கும்படி உள்ளுறுப்புகள் மாறி, கடலுக்கு இறங்குகிறது. கிரீன்லாந்துப் பக்கம் வரைக்கும் போய் மேய்ந்து கொழுத்து, ஒன்றோ இரண்டோ மூன்றோ குளிர்காலம் கழித்துத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஆற்றை அடையாளம் காண அதற்கு வாசனைதான் துணை. சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்பும் இன்னொரு மீன் கடல் டிரவுட். அது தனி இனம்கூட அல்ல. ஆற்றிலேயே தங்கிவிடும் பழுப்பு டிரவுட்டும் அதுவும் ஒரே இனம். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் சில கடலுக்குப் போகும், சில ஊரோடு இருந்துவிடும்.

இப்படிக் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிட ஏறும் மீன்களை ஆங்கிலத்தில் அனாட்ரமஸ் என்பார்கள். கிரேக்கத்தில் 'அனா' என்றால் மேலே, 'த்ரோமோஸ்' என்றால் ஓட்டம். இதற்கு நேர் எதிர் விலாங்கு: ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். காவிரியிலும் விலாங்கு உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நம் ஆட்கள் திட்டும் அதே விலாங்குதான். மரமேறி என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது, முதல் வகையை 'ஆறேறி' என்றும் இரண்டாம் வகையைக் 'கடலிறங்கி' என்றும் சொல்லலாம் என்பது என் எண்ணம். 'நன்னீர்நாடு கடல்வாழ் மீன்' போன்ற நீளத் தொடர்களை ஒரு முறைக்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இடம்பெயர்வுக்கு 'வலசை' நன்றாக வேரூன்றிவிட்டது. பழைய அகராதிகளில் வலசை என்றால் படையெடுப்புக்குப் பயந்து குடிகள் ஊரைவிட்டுப் போவது. தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ. கொங்குப் பக்கம் சின்னக் குடியிருப்பை வலசு என்பதும் இதே குடும்பம் என்றே கருதுகிறேன். பறவைக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல் இப்போது மீனுக்கும் வழங்குகிறது. சரி, இருக்கட்டும்.

அடுத்தது தடுப்பு. ஆற்றுக்குக் குறுக்கே நிற்பதைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தொல்காப்பியத்திலேயே 'கற்சிறை' இருக்கிறது: விசையோடு வரும் புனலைத் தாங்கி நிற்கும் கல் அணை. அணைக்கட்டு என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் 'அனிகட்' என்று எடுத்துப்போய்ப் பாசனப் பொறியியலில் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். பூலாம்பட்டி, நெருஞ்சிப்பேட்டைப் பக்கம் போனால் 'கதவணை' என்பார்கள்: வரிசையாகக் கதவு வைத்து, ஆற்றைத் தேக்கி மின்சாரம் எடுப்பது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள் அடுத்தடுத்து வருகின்றன. மலையோரத்தில் தடுப்பணை. ஆக அணை, கதவணை, தடுப்பணை எல்லாவற்றையும் சேர்த்து மீனின் பக்கமிருந்து சொல்ல ஒரு பொதுச் சொல் வேண்டும். 'ஆற்றுமறிப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். மறித்தல் என்றால் நிறுத்துவதும்தான், திருப்பி விடுவதும்தான். சாலை மறியலில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மறிப்பு எல்லாமே கல்லும் சிமெண்டுமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் வரும் திருமணிமுத்தாறு, சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து கறுத்துப் போகும் இடங்களில், ஒரு கல்கூடக் குறுக்கே இல்லாமலேயே மீனை மறிக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லையென்றால் அதுவும் ஒரு சுவர்தான். இயற்கையான மறிப்பும் உண்டு. ஏற்காட்டு ஏரி வழிந்து கிளியூர் அருவியாக விழுகிறது, சுமார் 300 அடி. கீழேயிருந்து எந்த மீனும் அதில் ஏறி வராது. அப்படிப்பட்ட அருவிகளோடு மீன்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழகிவிட்டன. திடீரென்று ஒரு பருவத்தில் முளைக்கும் சுவர் வேறு விஷயம்.

ஆற்றுமறிப்போடு நடக்கும் சண்டை பழையது. இங்கிலாந்தில் 1215இல் எழுதப்பட்ட மேக்னா கார்ட்டாவின் 33ஆம் பிரிவு, தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாடெங்கும் உள்ள மீன்பிடித் தடுப்புகளை அகற்றச் சொல்கிறது. முதன்மையாகப் படகுப் போக்குவரத்துக்காகத்தான், மீனின் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல. ஏணி யோசனை 19ஆம் நூற்றாண்டில் ஊன்றியது; கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1837இல் ஒரு மீன் ஏணிக்குக் காப்புரிமையே வாங்கப்பட்டது. 1909 வாக்கில் டெனில் என்ற பெல்ஜியப் பொறியாளர், சரிவான வாய்க்காலுக்குள் தடுப்புப் பலகைகளை வைத்து நீரின் வேகத்தைக் குறைக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றும் அதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

பழைய வடிவம் எளிமையானது. தொட்டி தொட்டியாகக் கட்டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓரடி, ஒன்றரை அடி உயர வித்தியாசம் வைத்து, மேலேயிருந்து நீரை வழிய விடுவது. மீன் ஒவ்வொரு தொட்டியாகத் தாவியோ நீந்தியோ ஏறும், நடுவில் இளைப்பாறும். ஸ்காட்லாந்தில் பிட்லாக்ரி என்ற ஊரில் உள்ளது பேர்போனது: 34 தொட்டி, 310 மீட்டர் நீளம். அணையின் உயரம் சுமார் 16 மீட்டர்தான். உருவத்தைப் பார்த்தால் இது ஏணியைவிடப் படிக்கட்டுக்கு நெருக்கம். ஜெர்மன்காரர்கள் ஃபிஷ்ட்ரெப்பே, அதாவது மீன் படிக்கட்டு, என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சில் மீன் கடவை என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்திலும் துறை ஆட்கள் இப்போது ஃபிஷ்வே, ஃபிஷ் பாஸ் என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, லேடரை ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை மேட்டூருக்குப் போட்டுப் பாருங்கள். 65 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 140 தொட்டி, ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம். அதைக்கூடக் கட்டிவிடலாம் என்று வையுங்கள். மேல்வாய் எங்கே இருக்கும்? அணையின் நீர்மட்டம் நிறைந்தால் 120 அடி. 40 அடிக்குக் கீழே போன ஆண்டுகளும் உண்டு. பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் பழைய கிறித்தவக் கோபுரமும் வெளியே தெரியும் காலத்தில், ஏணியின் மேல்வாய் காய்ந்த பாறைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டூரில் மீன் ஏணி இல்லாததற்கு வெறும் அலட்சியம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1925இல் தொடங்கி 1934இல் முடித்தபோது பாசனம்தான் முதன்மையான குறி என்பதும் உண்மை.

'ஏணி' என்ற சொல் மறைத்துவிடும் முதல் விஷயம் இதுதான்: மீன் முதலில் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். எதிரேறும் மீனுக்கு வழிகாட்டி நீரின் இழுப்பு. எங்கே இழுப்பு பலமோ அங்கே போய் முட்டும். மின் நிலையத்திலிருந்து வெளியேறும் பெருநீர் ஒரு பக்கம், ஏணியிலிருந்து வரும் சின்ன ஓட்டம் இன்னொரு பக்கம் என்றால், மீன் மின் நிலையத்தின் காலடியில்தான் நாள்கணக்கில் நிற்கும். ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் ஏறி, முட்டையும் இட வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கையிருப்பிலிருந்து போகிறது. தாவுவதற்கும் காலடியில் ஆழமான மடு வேண்டும். 3 மீட்டருக்கு மேல் தாவக்கூடிய சால்மன், அடியில் வெறும் சிமெண்டுத் தளமாக இருந்தால் ஒரு மீட்டர் சுவரிடம்கூடத் தோற்றுப்போகும்.

அப்புறம், மறிப்பு ஒன்றோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மறிப்பிலும் நூற்றுக்கு 90 மீன் ஏறிவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு கதவணை தாண்டினால் மிஞ்சுவது 66. பத்து தாண்டினால் 35. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் மறிப்புகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் 68 சதவீதம் 2 மீட்டருக்கும் குறைவான உயரம். செய்தியில் வருவது பெரிய அணை. மீனை அரித்துத் தின்பது பெரும்பாலும் ஆலைக்காகவும் நீர் அளவீட்டுக்காகவும் கட்டி, கேட்பாரற்றுக் கிடக்கும் சின்னச் சுவர்கள்.

இரண்டாவது, ஏணி என்றதும் எல்லோருக்கும் ஏறுவது மட்டும் ஞாபகம் வருகிறது. இறங்குவதை மறந்துவிடுகிறோம். கடலுக்குப் போகும் இளம் சால்மனுக்கு உடம்பு உப்புநீருக்குத் தயாராக இருப்பது சில வாரங்கள்தான். தேங்கிய நீருக்குள் ஓட்டம் கிடையாது. எந்தப் பக்கம் கடல் என்று தெரியாமல் சுற்றும். அதற்குள் கொக்கும் பெரிய மீனும் பார்த்துக்கொள்ளும். அணையை எட்டியவை டர்பைன் வழியாகப் போக நேர்ந்தால் அடிபடும். கடல் டிரவுட் பல முறை முட்டையிடக்கூடியது, ஆகவே பெரிய மீனும் திரும்பிக் கடலுக்குப் போயாக வேண்டும். விலாங்குக்கோ முட்டையிடும் பயணமே கீழ்நோக்கித்தான்.

மூன்றாவது விஷயம் நம் ஊர்க் கதை. கடலிலிருந்து காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் ஏறிய ஆறேறி உல்லம், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடும் அதே மீன். 1836இல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் கட்டினார். அணைகள் மீனை என்ன செய்கின்றன என்று 1860களிலேயே கேள்வி எழுந்தது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே இதை ஆராய்ந்தார், 1873இல் அவருடைய அறிக்கை வந்தது. கீழணையில் பிற்பாடு மீன்வழி வைத்தும் பார்த்தார்கள். உல்லத்துக்கு அது உதவவில்லை. உல்லம் சால்மன் அல்ல, தாவாது. கூட்டமாக, திறந்த நீரில், நீந்தியே போகும். சால்மனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பிறகு மேட்டூர் வந்து ஆற்றின் வெள்ளத்தையே அடக்கியது. உல்லத்தை ஆற்றுக்குள் அழைப்பதே புதுவெள்ளம்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த சுந்தரராஜ் 1941இலேயே மேட்டூரை முன்வைத்து அணைகளும் மீன்வளமும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். கங்கையில் 1975இல் ஃபராக்கா அணை வந்த பிறகும் இதே கதை நடந்தது.

தாவாத மீனுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் உல்லத்தின் ஒன்றுவிட்ட உறவான ஷாட் மீனுக்காக, வூஸ்டர் நகரத்தில் ஒரு பெரிய வழி கட்டியிருக்கிறார்கள். தொட்டிகளுக்கு நடுவிலுள்ள சுவரில் மேலிருந்து அடிவரை ஒரு நெடும் பிளவு. மீன் தாவாமல், எந்த ஆழத்திலும் நீந்தி நுழையலாம். வேறு சில இடங்களில் அணையைச் சுற்றி ஓடை போலவே கல்லும் மணலுமாக வாய்க்கால் வெட்டுகிறார்கள். குட்டி விலாங்குக்கு ஈரமான சரிவில் பிரஷ் முடி போன்ற இழைகளை நட்டுவைத்தால் போதும், பற்றிக்கொண்டு ஊர்ந்து ஏறிவிடும். பெட்டியில் ஏற்றித் தூக்கும் மின்தூக்கியும் உண்டு. இவற்றில் எதை ஏணி என்பது?

ஆகவே என் தீர்ப்பு இது. பொதுச்சொல் 'மீன்வழி'. தொட்டி வகைக்கு 'மீன் படி'. டெனில் வகைக்கு வேண்டுமானால் 'மீன் ஏணி' இருந்துவிட்டுப் போகட்டும். சுற்றி வெட்டுவது 'சுற்றோடை', தூக்குவது 'மீன்தூக்கி'. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் 'ஏறுவழி', 'இறங்குவழி' என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டால், இரண்டாவதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று படிக்கிறவர் கேட்கவாவது முடியும்.

கடைசியாக ஒரு சொல் சிக்கல். வழி வைப்பதை விட்டுவிட்டு அணையையே எடுத்துவிடுவதும் இப்போது நடக்கிறது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் மீன்வழி இல்லாமல் கட்டிய இரண்டு அணைகள் சால்மனை ஆற்றின் கடைசி 8 கிலோமீட்டருக்குள் ஒரு நூற்றாண்டு அடைத்து வைத்திருந்தன. 2011 முதல் 2014 வரை இரண்டையும் படிப்படியாக எடுத்தார்கள். பெரியது 210 அடி, நம் மேட்டூரைவிட 4 அடிதான் குறைவு. சால்மன் மேலே ஏறிவிட்டது. அதே நாட்டின் கிளமத் ஆற்றில் 2023, 2024 ஆண்டுகளில் நான்கு அணைகள் போயின. தமிழ்ச் செய்திகளில் இது 'அணை உடைப்பு' என்று வருவதைப் பார்க்கிறேன். உடைப்பு என்றால் நமக்குக் கரை உடைவது, ஊர் மூழ்குவது. மேட்டூர்க்காரர் அந்தத் தலைப்பைப் படித்தால் முதலில் யார் யார் செத்தார்கள் என்றுதான் தேடுவார். 'அணை நீக்கம்' என்று எழுதுங்கள்.