கிரிமினாலஜி படித்தால் போலீஸ் ஆகலாமா?

இந்த வருஷமும் ஒருவர் வந்துவிட்டார். பி.ஏ. கிரிமினாலஜி, அதாவது குற்றவியல் முடித்த இளைஞர். தடய அறிவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருக்கிறார். தகுதி என்ற இடத்தில் வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று அறிவியல் பட்டங்களாகவே இருக்கின்றன. "நம்ம டிகிரி ஏன் சார் இதுல இல்ல?" என்று கேட்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் எடுத்தது வணிகவியல் குரூப். சேரும்போது கல்லூரியில் "ஃபாரன்சிக்கும் இதிலேயே வந்துவிடும்" என்றார்களாம். பாடத்திட்டத்தில் தடய அறிவியல் ஒரு தாளாக வரும்தான். ஆனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து ரத்த மாதிரியைப் பரிசோதிக்க அந்த ஒரு தாள் போதாது.

மூன்று வருஷமும் பணமும் போன பிறகு ஒரு பிள்ளையிடம் இதைச் சொல்வது எனக்குக் கசக்கிறது. இந்தப் பாடத்தை விரும்பிப் படித்து, விரும்பி நடத்துகிறவன் நான். அதனால்தான் இதைத் தவறான வாக்குறுதி கொடுத்து விற்கும்போது கோபம் வருகிறது.

முதலில் போலீஸ் விஷயம். தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் பி.காம். படித்தவரும் இன்ஜினியரும் ஒரே ஹாலில்தான் எழுதுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி., யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ். என எதற்கும் இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல், உளவியல், சட்டம், மானிடவியல் எல்லாம் உண்டு, குற்றவியல் கிடையாது. "கிரிமினாலஜி படிச்சா உயரத்துல சலுகை உண்டாமே?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். கிடையாதும்மா. எஸ்.ஐ. பணிக்கு ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. எந்தப் பட்டமும் இதைக் குறைக்காது. "சி.பி.ஐ.ல நேரா எடுப்பாங்களாமே?" அதுவும் கிடையாது. அங்கே எஸ்.ஐ. வேலைக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகள் தேர்வை எழுத வேண்டும். அதற்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

இதில் யாரும் யோசிக்காத நஷ்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். இப்போது பட்டப்படிப்பு கேட்கும் வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். கிரிமினாலஜி பெரும்பாலும் ஆங்கிலவழிதான். கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, எஸ்.ஐ. ஆவதற்காகவே இதில் சேரும் பிள்ளை, எஸ்.ஐ. தேர்வில் கையிலிருந்த ஒதுக்கீட்டைத் தானே விட்டுவிடுகிறது. போலீஸ் வேலை மட்டுமே குறி என்றால் பக்கத்து அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டம் ஒன்றில் சேர்ந்து, காலையில் மைதானத்துக்குப் போங்கள். தயவுசெய்து.

தனியார் துப்பறியும் வேலை என்று கனவு காண்பவர்களுக்கு: அதற்கென்று உரிமம் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2007இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. அடுத்தவரின் செல்போன் அழைப்பு விவரங்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம்.

சரி, அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு?

இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோஸோ 1876இல், குற்றவாளி பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறான், தாடையிலும் நெற்றியிலும் அது தெரியும் என்று எழுதினார். முதலாம் ஆண்டில் பாதி வகுப்பு இதை ஆர்வமாகத் தலையாட்டிக் கேட்கும். அடுத்த வகுப்பில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நடத்துவேன். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று பதிவு, கைரேகை, போலீஸ் முன் ஆஜர். மதுரைப் பக்கம் கைரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது. நேற்றுத் தலையாட்டியவர்களில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வகுப்பு அமைதியாகிவிடும். "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று பிறகு யாராவது பேச ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவரே நிறுத்துவார். படிப்பு வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு இது போதும்.

எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் தேடுவது குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை. நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். சம்பவம் நடந்தது எப்போது, ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது எப்போது, நீதிமன்றத்துக்கு அனுப்பியது எப்போது? மூன்றுக்கும் தனித்தனி இடம் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. இடையில் விழும் மணி நேரங்களைப் பிடித்துக்கொண்டுதான் பல வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். புள்ளிவிவரமும் அப்படித்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் பெரியதை மட்டும் எண்ணும். பாலியல் வன்கொடுமை செய்து கொன்றால் அது கொலைக் கணக்கில் போகும். இதெல்லாம் தெரியாமல் 'குற்றம் கூடிவிட்டது' என்று ரீல்ஸ் போடாதீர்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் உறுப்பினராக இருந்தபோது சமூக விசாரணை அறிக்கைகள் நிறையப் படித்தேன். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவன் முதலில் ஆஜரான 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் கொடுக்க வேண்டிய அறிக்கை அது. பலவற்றில் "குடும்பச் சூழ்நிலை சரியில்லை, கூடா நட்பு" என்ற இரண்டே வரி. ஒன்றில் மட்டும், அப்பா கல்குவாரியில் கால் இழந்த மாதமும் பையன் எட்டாம் வகுப்பில் நின்ற மாதமும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தது. அந்தப் பையனை மறுபடி பள்ளியில் சேர்க்க உத்தரவு போட முடிந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரி. அப்படிப் பார்க்கவும் எழுதவும் தெரிந்த ஆட்கள் நமக்குப் போதவில்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல், வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். இவர்களுக்கான வேலையும் கிடக்கிறது.

சேரப் போகிறவர்கள் கேளுங்கள். பட்டத்தின் பெயர் அரசு வேலைக்கு ஏற்கப்படுமா, வேலைக்குக் கேட்கும் பட்டத்துக்கு இது சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். உங்களுக்குப் பிடித்த வேலையின் பழைய அறிவிக்கை ஒன்றை டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் எடுத்து, தகுதிப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆய்வகம்தான் ஆசை என்றால் அறிவியல் குரூப் எடுத்து, அறிவியல் பட்டத்துக்குப் போங்கள்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று. களப்பணியில் பார்த்த பாதிக்கப்பட்டவரைப் பற்றி எங்கும் எழுதாதீர்கள். பெயரை மறைத்து ஊரையும் பள்ளியையும் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் விஷயத்தில் போக்சோவும் இளைஞர் நீதிச் சட்டமும் சேர்ந்து வரும். "ஸ்டேட்டஸ்தானே சார், ஒரு நாள்ல போயிரும்" என்று என்னிடம் வராதீர்கள்.

மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் பதற வேண்டாம். மூன்றாண்டு சட்டப் படிப்பு, சமூகப் பணி முதுகலை, குற்றவியல் முதுகலை முடித்து கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு என்று வழிகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு நாள் போய், சட்டத் தன்னார்வலராகச் சேர அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டு வாருங்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவரின் குடும்பத்தை அங்கேதான் நேரில் பார்ப்பீர்கள்.